இன்னாசிராஜ் தெருவை அடைத்த கதை

முன்னெச்சரிக்கைக்காரர் என்றொரு இனம் நம்மிடையே உண்டு. மழைக்கு முன்பே குடை விரிப்பவர்கள் இவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். அது சாதாரண ஜனங்கள் செய்வது. இவர்கள் மழைக்கு முன்பே பக்கத்து வீட்டுக்காரரின் குடையைப் பரிசோதித்து, அதில் ஓட்டை இருக்கிறதென்று தெருவுக்கே அறிவிப்பவர்கள். வெயில் காலத்தில் சும்மா கிடப்பார்கள். எங்கோ ஒரு நாட்டில் யாரோ பத்துப் பேருக்குக் காய்ச்சல் என்று டிவியில் ஓடினால் போதும், முதுகு நிமிர்ந்துவிடும், குரல் கனத்துவிடும், போன் சூடாகிவிடும்.

கடலூர் முதுநகரில் சூசையப்பர் தெரு இன்னாசிராஜ் இந்த இனத்தில் முதல் வரிசை. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். பணியில் இருந்தவரை பணம் கட்டாத வீட்டின் ஃபியூஸைப் பிடுங்குகிற அதிகாரம் கையில் இருந்தது. ஓய்வுக்குப் பிறகு பிடுங்குவதற்கு எதுவும் இல்லை. பாவம், மனுஷன் என்னதான் செய்வார்? அந்த நேரம் பார்த்துத்தான் கொரோனா வந்தது.

ஊரடங்கு என்று அரசாங்கம் சொன்ன அன்றைக்கே 'நம் தெரு நம் உயிர்' என்று ஒரு வாட்ஸப் குழு பிறந்துவிட்டது. விடிந்தால் அதில் இன்னாசிராஜின் குரல்தான். வெந்நீர் குடியுங்கள், வெங்காயத்தை அறுத்து மூலையில் வையுங்கள், வெயிலில் நில்லுங்கள், வெயிலில் நிற்காதீர்கள், இத்தாலியில் இருக்கும் ஒரு டாக்டர் சொல்கிறார், அமெரிக்காவில் இருக்கும் ஒரு டாக்டர் அதை மறுக்கிறார், இருவரையும் நம்பாதீர்கள், என்னை நம்புங்கள். மீன் விற்க வரும் சவரியம்மாளின் கூடையில் அவர் மஞ்சள் தண்ணீர் தெளித்தபோது அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள்: "தெளிங்க மாமா, தெளிங்க. கொழம்பு வைக்கிறவுங்களுக்கு ஒரு வேல மிச்சம்."

வீடு வீடாகப் போய்க் கபசுரக் குடிநீரும் கொடுத்தார். முகக்கவசம் உண்டா என்றால், உண்டு. தாடைக்குக் கீழே இருந்தது. பேசும்போது மற்றவர்களுக்குக் குரல் தெளிவாகக் கேட்க வேண்டுமே!

ஆனால் அவருடைய உண்மையான சாதனை தடுப்புதான். சூசையப்பர் தெருவுக்கு ஒரே வாசல். மறுமுனை உப்பனாற்றங்கரையில் போய் முட்டிக்கொள்ளும். கோட்டை கட்டத் தோதான இடம் என்று அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. முதலில் இரண்டு மூங்கில். மறுநாள் அவை போதாதென்று கருவேல முள். அதுவும் போதாதென்று, கரையில் கிடந்த ஓட்டைப் படகு ஒன்றை நாலு பேரைக் கூட்டி இழுத்து வந்து கவிழ்த்துப் போட்டார். எல்லாவற்றையும் சேர்த்து அலுமினியக் கம்பியால் முறுக்கிக் கட்டினார். வாழ்நாளெல்லாம் கம்பத்தில் ஏறிக் கம்பி கட்டிய கையல்லவா? ஓரத்தில் ஓர் ஆள் குனிந்து போக மட்டும் சந்து. அந்தச் சந்தில் பிளாஸ்டிக் நாற்காலி. நாற்காலியில் இன்னாசிராஜ்.

"அவசரத்துக்கு ஒரு வண்டி வரணும்னா இன்னா பண்ணுவீங்க?" என்று அவர் மனைவி பாக்கியமேரி கேட்டாள்.

"அவசரமே வரக்கூடாதுன்னுதானே இதக் கட்டியிருக்கேன்" என்றார். சொன்ன பிறகு அந்த வாக்கியம் அவருக்கே பிடித்துப்போய், குழுவிலும் போட்டார்.

அப்போதுதான் சடையப்பன் வந்தான். எதிர்வீட்டுக்காரன். சென்னை மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவன். மார்க்கெட்டில் நோய் பரவியதும், லாரி ஏறி, நாற்காலி காலியாக இருந்த ஒரு விடியற்காலையில் ஊருக்கு வந்து சேர்ந்தான். அவன் வீட்டுக்குள் போய்க் கால் கழுவுவதற்குள் இன்னாசிராஜ் சுகாதார அலுவலகத்துக்குப் போன் போட்டுவிட்டார். அதில் தவறில்லை, சொல்ல வேண்டியதுதான். ஆனால் வண்டி வந்து அவனை ஏற்றும்போது அதை வீடியோ எடுத்து, 'நம் தெருவில் பிடிபட்ட முதல் நபர்' என்று குழுவில் போட்டது எந்தச் சுகாதாரத்தில் சேர்த்தி? அவன் மனைவி தமிழ்ச்செல்வி அதைப் பார்த்துவிட்டு வாசலில் உட்கார்ந்து அழுதாள். ஆறுதல் சொல்ல யாரும் போகவில்லை. போனால் அவர்களும் வீடியோவில் வருவார்களே.

அவனைச் சிதம்பரத்தில் ஒரு கல்லூரி விடுதியில் வைத்து, சோதித்து, நோய் இல்லை என்று எழுதிக் கொடுத்து, வேனில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்கிவிட்டார்கள். சடையப்பன் சந்தில் குனிந்தான். நாற்காலி நகரவில்லை.

"மாமா, எனக்கு ஒன்னுமில்லன்னு குடுத்திருக்காங்க. பாருங்க."

"அது நீ அங்க இருந்தப்ப எடுத்தது. வேன்ல எத்தினி பேர் வந்தீங்க?"

"ஆறு பேரு."

"அந்த ஆறு பேர்ல யாருக்கு இன்னா இருக்குதோ? கொஞ்ச நாள் வெளியவே இரு. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

உன் நல்லதுக்குத்தான்! இந்த இனத்தின் தேசிய கீதமே இதுதான். மூடிக் கிடந்த டீக்கடையின் கீற்றுக்கடியில் சடையப்பன் துண்டை விரித்தான். தன் வீட்டு வாசல் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் படுத்துக்கொண்டு, மனைவி முள்ளுக்கு மேலாக நீட்டும் தூக்குவாளியை எக்கி வாங்கிச் சாப்பிட்டான். தெருவில் யாராவது தட்டிக் கேட்டார்களா? எல்லோரும் குழுவில் கைகூப்பும் படம் போட்டார்கள். யாரைக் கும்பிட்டார்கள் என்பதுதான் இன்றுவரை விளங்கவில்லை.

இனி ஒரு ரகசியம். சடையப்பனை வெளியே நிறுத்துவதற்கு முன்பே இன்னாசிராஜின் மூக்கு வேலைநிறுத்தம் செய்திருந்தது.

அடுப்பில் கருவாட்டைப் போட்டுவிட்டு பாக்கியமேரி கொல்லைக்குப் போயிருந்தாள். திரும்பி வந்தால் வீடெங்கும் புகை. சட்டி கரியாகிவிட்டது. பக்கத்திலேயே உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருந்தார் இன்னாசிராஜ்.

"தெருவே நாறுது. பக்கத்துல குந்திக்கினு இருக்கீங்களே, தெரியல?"

"ஒரு முக்கியமான செய்தி படிச்சிக்கினு இருந்தேன்" என்றார்.

அவள் போனதும் காப்பிப்பொடி டப்பாவைத் திறந்து முகர்ந்தார். ஒன்றுமில்லை. ஊதுபத்தி, இல்லை. தைலம், இல்லை. குளியலறைக்குப் போய் பினாயில் பாட்டிலுக்குள் மூக்கையே விட்டார். கண்ணில் நீர் வந்ததே தவிர, வாசனை வரவில்லை. வாசனை போனால் கொரோனா என்று குழுவில் சிவப்பு எழுத்தில் போட்டவரே அவர்தான்.

என்ன செய்தார் என்று கேட்கிறீர்களா? நாமாக இருந்தால் என்ன செய்திருப்போமோ அதையே செய்தார். நமக்கு வந்தால் அது சளி, அடுத்தவனுக்கு வந்தால்தான் வைரஸ். மறுநாளும் தூக்குவாளியோடு வீடு வீடாகப் போனார். லேசாக இருமினார். "கசாயம் காரம்" என்று சொல்லிக்கொண்டார். சடையப்பனை வெளியே நிறுத்திய பிறகு, அவனிடம் கேட்ட கேள்வியை யாராவது தன்னிடம் கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், வழக்கத்தைவிட உரக்கவே எல்லோரையும் அதட்டினார்.

வைரஸ் தடுப்பைத் தாண்டி வரவில்லை. தடுப்பைக் கட்டியவரோடு, நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

பாக்கியமேரிக்குக் காய்ச்சல் வந்தது. இரண்டு நாள் எழுந்து எழுந்து சமைத்தாள். பிறகு ஒரு மத்தியானம், துணி காயப்போட மாடிப்படி ஏறியவள் நாலாவது படியில் உட்கார்ந்துவிட்டாள். மூச்சு இழுத்தது. உதடு நிறம் மாறியிருந்தது. இன்னாசிராஜ் அவளைப் பார்த்தார். படித்த செய்திகள், அனுப்பிய வீடியோக்கள், இத்தாலி டாக்டர், அமெரிக்க டாக்டர் எல்லாம் எங்கே போனார்களோ, ஒருத்தரும் வரவில்லை. நூற்றி எட்டுக்குப் போன் செய்து தெருப் பெயரைச் சொல்வதற்குள் மூன்று முறை நாக்குக் குழறியது.

ஆம்புலன்ஸ் வந்தது. தெருமுனையில் நின்றது. ஊளையிட்டது.

இன்னாசிராஜ் கட்டிங் பிளேயரோடு ஓடினார். கம்பியை நறுக்கப் பார்த்தார், நழுவியது. முறுக்கைப் பிரித்தார், எந்தப் பக்கம் முறுக்கினோம் என்பதே மறந்துபோயிருந்தது. வாழ்நாளில் அவர் கட்டிய கட்டுகளிலேயே நல்ல கட்டு அதுதான்.

டீக்கடைக் கீற்றிலிருந்து சடையப்பன் எழுந்து வந்தான்.

"யாருக்கு மாமா?"

"உங்க அத்தைக்குடா."

சடையப்பன் துண்டைக் கையில் சுற்றிக்கொண்டு, "தள்ளி நில்லுங்க மாமா. இன்னும் தள்ளி. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றான். முள்ளை வாரி எறிந்தான். படகுக்கடியில் தோளைக் கொடுத்தான். டிரைவரும் இறங்கி வந்து கை கொடுத்தார். மூங்கில் முறிகிற சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. படகு புரண்டு சாக்கடை ஓரம் விழுந்தது.

வண்டியில் வந்த செம்பியன் என்ற மருத்துவ உதவியாளர் பாக்கியமேரிக்கு ஆக்சிஜன் மாட்டிவிட்டுத் திரும்பினார். "வூட்ல வேற யாருக்காச்சும் காய்ச்சல், இருமல், வாசன தெரியாம இருக்குதா?"

தெரு முழுக்க வாசலில் நின்றது. இல்லை என்று சொல்லிவிடலாம். சொன்னால், நோய் இல்லாதவரை ஏற்றாத அந்த வண்டியில் அவளோடு போக முடியாது. இன்னாசிராஜ் தாடையிலிருந்த முகக்கவசத்தை மூக்குக்கு மேலே ஏற்றினார்.

"எனக்கு வாசன தெரியல சார்."

"எப்பலேர்ந்து?"

அவர் சடையப்பனைப் பார்த்தார். "இவன வெளிய நிறுத்துனேனே, அதுக்கு முன்னாடியிலேர்ந்து."

தெருவில் கதவுகள் ஒவ்வொன்றாகச் சாத்திக்கொண்டன. அவர் எந்த வரிசையில் கசாயம் கொடுத்துக்கொண்டு போவாரோ, அதே வரிசையில்.

சிதம்பரத்தில் அவளை ஒரு வார்டிலும் இவரை வேறொரு வார்டிலும் போட்டார்கள். அந்த ஊரிலேயே குடியிருக்கும் மகள் நித்யா மேரியால் வாசல்வரை வந்து பை கொடுக்க முடிந்தது, பார்க்க முடியவில்லை. பாக்கியமேரிக்கு ஆக்சிஜன் ஏறவில்லை என்று ஒரு நாள் சொன்னார்கள். அன்று இன்னாசிராஜ் போனை அணைத்துத் தலையணைக்கடியில் வைத்துவிட்டு, ஜெபமாலையை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். யாருக்கும் எந்தச் செய்தியும் அனுப்பாத முதல் நாள் அது. பிறகு ஒரு காலை நர்ஸ் தன் போனைக் கொண்டுவந்து நீட்டினாள். மறுமுனையில் பாக்கியமேரி. குரல் காற்றாக வந்தது.

"கஞ்சி குடிச்சீங்களா?"

அவருக்கு அழுகை வந்துவிட்டது. "என்னாலதான் உனக்கு வந்துச்சி. எனக்கு மூக்கு போயி..."

"தெரியும். கருவாடு தீஞ்ச அன்னைக்கே தெரியும்."

"தெரிஞ்சும் ஏன் சொல்லல?"

"சொல்லியிருந்தா நம்ம வூட்டுக்கே முள்ளு போட்டிருப்பீங்க."

அவர் அழுதுகொண்டே சிரித்தார். பக்கத்துக் கட்டில்காரர், இவருக்கு நோய் மூளைக்கு ஏறிவிட்டதென்று நர்ஸைக் கூப்பிட்டார்.

இருவரும் வீடு திரும்பினார்கள். கசாயம் குடித்த வீடுகளில் சிலருக்குக் காய்ச்சல் வந்து போயிருந்தது. நல்லவேளை, எல்லோரும் பிழைத்தார்கள். இன்னாசிராஜ் தயங்கித் தயங்கி எதிர்வீட்டு வாசலுக்குப் போனார். மன்னிப்புக் கேட்பதற்கு மனதுக்குள் பெரிய பேச்சு தயார் செய்து வைத்திருந்தார். முதல் வரியிலேயே சடையப்பன் கையை நீட்டிக் காட்டினான். உள்ளங்கையில் முள் ஏறிய இடம் வீங்கிப் பழுத்திருந்தது.

"இது ஆறட்டும் மாமா, அப்பறம் பேசலாம். அந்த வீடியோவ மொதல்ல எடுங்க. தமிழ்ச்செல்வி இன்னும் பாத்துப் பாத்து அழுவுறா."

எடுத்தார். எப்படி எடுப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. தமிழ்ச்செல்விதான் தள்ளி நின்று, எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். பிறகு குழுவில் தம் குரலிலேயே எல்லாவற்றையும் சொன்னார்: "தெருவ அடச்சவன் பேசறேன். நோய கொண்டாந்தவனும் நான்தான்." அதற்கும் நாலு பேர் கைகூப்பும் படம் போட்டார்கள்.

திருந்திவிட்டார் என்று நினைக்கிறீர்களா? இந்த இனம் அவ்வளவு சீக்கிரம் அழிகிறதா என்ன? போன மழைக்காலத்தில் குமராட்சிப் பக்கம் ஏதோ காய்ச்சல் என்று பேப்பரில் வந்தது. இன்னாசிராஜ் எழுந்தார், செருப்பை மாட்டினார், தெருமுனை வரை நடந்தார், வாசலின் அகலத்தைக் கண்ணாலேயே அளந்தார். பிறகு தனியாக நின்று தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "வந்துட்டான்யா லைன் இன்ஸ்பெக்டரு" என்று தம்மைத்தாமே திட்டிக்கொண்டு திரும்பி வந்தார். இப்போதெல்லாம் யாராவது கேட்டால் இந்தக் கதையை அவரே சொல்கிறார், நாம் சொல்வதைவிட நன்றாக. கேட்காவிட்டாலும் சொல்கிறார்.

நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை என்கிறீர்கள். சந்தோஷம். ஒன்றே ஒன்று மட்டும் யோசித்துப் பாருங்கள். கடைசியாக உங்கள் பக்கத்தில் ஒருவர் இருமினாரே, அவரிடம் நீங்கள் முதலில் கேட்டது "உடம்புக்கு என்ன?" என்றா, "எங்கே போய்விட்டு வந்தீர்கள்?" என்றா?

இரண்டுமே கேட்கவில்லை, பேசாமல் எழுந்து தள்ளி உட்கார்ந்தேன் என்கிறீர்களா? ஐயா, இன்னாசிராஜே உங்களிடம் பாடம் படிக்க வேண்டும்.