பூனையாக வந்த மாமியார்

கண்ணாடிக்காரருக்கு ஊரில் எல்லாருடைய பார்வையும் அத்துப்படி. யாருக்குக் கிட்டப்பார்வை, யாருக்குத் தூரப்பார்வை என்று ஆள் கடைப்படி ஏறும்போதே சொல்லிவிடுவார். சொந்த மனைவியின் பார்வைக்கு மட்டும் இன்று வரை அவரால் பவர் கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அம்மாள் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். வீட்டிலும் அப்படித்தான், வகுப்பில் ஒரே ஒரு மாணவர், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த மாணவர் ஒருநாள் பெரிய தீர்மானம் ஒன்று எடுத்தார். கடைக்குத் தினமும் வந்து, ஷோகேஸில் பிரேம்களுக்கு நடுவே சுருண்டு படுக்கும் சாம்பல் நிறப் பூனையை வீட்டுக்குக் கொண்டுபோய் வளர்ப்பது. பூனை மேல் அவருக்கு உயிர். அவர் பேசப் பேச, அது கண்ணைப் பாதி மூடிக்கொண்டு குறுக்கே பேசாமல் கேட்கும். கல்யாணத்துக்குப் பிறகு அப்படி ஒரு சுகத்தை அவர் அனுபவித்ததே இல்லை.

ஆனால் டீச்சரின் சட்டம் கடுமையானது. "இந்த வீட்டுக்குள்ள நாலு கால் இருக்கறதுன்னா அது நாற்காலி மட்டும்தான்!"

பக்கத்துக் கடைத் தையல்காரரிடம் யோசனை கேட்டார். தையல்காரர் அப்போதுதான் ஏதோ சொற்பொழிவு கேட்டுவிட்டுப் புல்லரித்துப்போய் வந்திருந்தார்.

"அண்ணே, உடம்புங்கறது வெறும் சட்டை. ஆத்மா ஒண்ணைக் கழட்டிட்டு இன்னொண்ணை மாட்டிக்குது."

"அளவெடுக்கறது யாரு? நீயா?"

"கிண்டல் பண்ணாதீங்க. மனுஷன் செத்தா ஆடா, மாடா, பூனையாக்கூடப் பொறப்பானாம்."

கண்ணாடிக்காரர் பூனையைப் பார்த்தார். மூளைக்குள் பல்பு எரிந்தது. மாமியார் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது.

"மாமியார் பூனையாப் பொறக்கலாமா?"

"தாராளமா. மாமியார்ங்கற பேருக்குள்ளயே 'மியா' இருக்கே, அண்ணே!"

இத்தனைக்கும் கண்ணாடிக்காரர் ஆத்மாவை நம்பாதவர். செத்தால் விளக்கணைந்த மாதிரிதான், அதற்கப்புறம் ஒன்றுமில்லை என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் வாதாடுகிறவர். காரியம் ஆகவேண்டும் என்றால் கொள்கைக்கும் கொஞ்சம் லீவு கொடுக்கலாமே!

பூனையை லென்ஸ் பெட்டியில் வைத்து வீட்டுக்குத் தூக்கிப் போனார்.

"என்ன பெட்டி? உள்ள என்ன கத்துது?" என்றாள் டீச்சர்.

"பதறாதே. மனசைத் திடப்படுத்திக்கோ. உங்கம்மா வந்திருக்காங்க."

அவர் பெட்டியைத் திறந்தார். டீச்சர் பெட்டியைப் பார்த்தாள். பூனையைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். அவரை மட்டும் கொஞ்ச நேரம் கூடுதலாக.

"செத்தா ஒண்ணுமே இல்லைம்பீங்களே?"

"அது நேத்து வரைக்கும். இன்னிக்குக் கண் திறந்துடுச்சு. இவங்க என்னைப் பார்த்த பார்வை இருக்கே... 'இவனுக்கா என் பொண்ணைக் குடுத்தேன்'ங்கற அதே பார்வை. அச்சு அசல் அத்தை!"

டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. பாவம், அழுகிறாள் என்று கண்ணாடிக்காரர் உருகினார்.

"அம்மா!" என்று பூனையை வாரி எடுத்துக்கொண்டாள். அவர் வெற்றிப் பெருமிதத்தோடு சாய்வு நாற்காலியில் சாய்ந்தார்.

"எந்திரிங்க."

"ஏன்?"

"அம்மா வந்திருக்காங்க, நீங்க பாட்டுக்குச் சாஞ்சிருக்கீங்க. எந்திரிச்சு 'வாங்க அத்தை'ன்னு சொல்லுங்க."

"பூனையையா?"

"பூனையா! யாரைப் பார்த்துப் பூனைங்கறீங்க?"

கண்ணாடிக்காரர் எழுந்தார். "வாங்க... அத்தை."

அத்தை டீச்சரின் கையிலிருந்து இறங்கி, நாற்காலியில் ஏறிச் சுருண்டு படுத்தது. அன்றோடு அந்த நாற்காலி கைமாறியது.

அப்புறம் ஆரம்பித்தது ஆட்சி. அவர் சிகரெட் பற்ற வைத்தார், பூனை தும்மியது. "அம்மாவுக்கு இந்த நாத்தமே ஆகாது" என்றாள் டீச்சர். சிகரெட் போயிற்று. ஒழுகும் குழாயைப் பூனை உற்றுப் பார்த்தது. "மாப்பிள்ளை இதைக்கூடச் சரி பண்ணலையான்னு கேக்கறாங்க." வருஷக்கணக்காக ஒழுகிய குழாய் அன்றே வாயை மூடியது, கூடவே அவரும். மீனில் நடுத்துண்டு அத்தைக்கு, வால் மாப்பிள்ளைக்கு. அவர் சத்தமாக ரேடியோ வைத்தால் அத்தைக்குத் தூக்கம் கெடும். காலையில் கடைக்குப் புறப்படும்போது "போயிட்டு வரேன் அத்தை", திரும்பியதும் "வந்துட்டேன் அத்தை." பூனையோ ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. அதில் மட்டும் அது அச்சு அசல் மாமியார்தான்.

"ஆத்மான்னு எல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா" என்று ஒருநாள் மெல்ல ஆரம்பித்தார்.

"அப்போ என்கிட்டப் பொய் சொன்னீங்களா?"

"சேச்சே! ஆத்மா இருக்கு. நல்லாவே இருக்கு."

பூனைக்குத் தடுப்பூசி போடக் கால்நடை டாக்டரம்மாவிடம் தூக்கிக்கொண்டு போனபோதுதான் விடிவு பிறந்தது.

"இவனுக்கு என்ன வயசு?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"இவங்களுக்கு எழுபது... என்னது, இவனா?"

"கடுவன் பூனைங்க. கண்ணாடிக் கடை வச்சிருக்கீங்க, இதுகூடத் தெரியலையா?"

கண்ணாடிக்காரருக்கு ஜென்ம சாபல்யம் ஆனது. பூனையை அணைத்தபடி வீட்டுக்கு ஓடினார். வாசலிலிருந்தே கத்தினார்.

"இது உங்கம்மா இல்லை! ஆம்பளை! சுத்தமான ஆம்பளை!"

பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்த டீச்சர் தலை நிமிரவில்லை. "தெரியும்."

"தெரியுமா? எப்போலேருந்து?"

"நீங்க பெட்டியைத் திறந்தப்பவே."

"பின்னே எதுக்கு இவ்வளவு நாள் என்னை...?"

டீச்சர் பேனாவை மூடி வைத்தாள். "எங்கம்மா உயிரோட இருந்தப்போ எத்தனை தடவை இந்த வீட்டுக்கு வந்திருப்பாங்க? ஒரு நாளாவது பேப்பரை விட்டு முகத்தை எடுத்தீங்களா? ஒரு தடவை 'வாங்க'ன்னு சொன்னீங்களா? அவங்க சமையலறை ஓரமா ஸ்டூல்ல உக்காந்துட்டுப் போயிடுவாங்க. 'மாப்பிள்ளைக்கு வேலை அதிகம்போல'ன்னு எனக்கே சமாதானம் சொல்வாங்க. இப்போ தினமும் ரெண்டு வேளை எந்திரிச்சு நின்னு அத்தைங்கறீங்க. கேக்க நல்லா இருந்துச்சு. கேட்டுக்கிட்டேன்."

கண்ணாடிக்காரர் பூனையின் முதுகைத் தடவினார்.

"தப்புதான்" என்றார் கடைசியில். "சரி, அதான் குட்டு உடைஞ்சுபோச்சே. இனிமே நான் நாற்காலில உக்காரலாமில்லையா?"

பூனை அவர் கையிலிருந்து குதித்து, நேரே போய் நாற்காலியில் ஏறிப் படுத்துக் கண்ணை மூடியது.

"தூங்கறவனை எழுப்பாதீங்க, பாவம்" என்றாள் டீச்சர். "ஊசி போட்டுக்கிட்டு வந்திருக்கான்."

கண்ணாடிக்காரர் நின்றபடியே பெருமூச்சு விட்டார். "அடுத்த பிறவின்னு ஒண்ணு இருந்தா, நான் இந்த வீட்டுப் பூனையாப் பொறக்கணும்."

"அதுக்கு நிறையப் புண்ணியம் பண்ணணும்" என்றாள் டீச்சர், அடுத்த தாளை எடுத்தபடி. "போய்ப் பாத்திரத்தைத் தேய்ங்க."