எண்ணெய் பட்டதும் மறைந்த மயில்நீலம்

கொல்லயில்,
12.11.1996

திருவனந்தபுரத்தில் பெரிய ஆராய்ச்சி நிலையத்தில் விஞ்ஞானியாக இருக்கும் சதாசிவத்துக்கு, அவனுடைய அத்தான் பொன்னப்பன் எழுதுவது. இங்கே உன் அக்கா விஜயம்மா சுகம். உன் சுகத்தை விசாரிக்கச் சொன்னாள், விசாரித்துவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை எங்கள் ரப்பர் கையுறைத் தொழிற்சாலையில் நடந்ததை நீ முன்வரிசையில் உட்கார்ந்து பார்த்தாய். பார்த்துவிட்டு எனக்காக வாயைத் திறக்காதவனுக்கு அதை எழுத்திலும் கொடுத்துவிட வேண்டும் என்றுதான் எழுதுகிறேன். முதலாளி கருணாகரன் குழந்தைப் பொம்மைகள் செய்து ஏற்றுமதி செய்யப் பார்க்கிறார். பிளாஸ்டிக்கில் நிறம் இருக்க வேண்டும், சாயம் மட்டும் கலக்கக் கூடாது என்கிறார்கள் வெளிநாட்டுக்காரர்கள். இரண்டு வருடம் கண்ணைக் கெடுத்து, ஒரே அளவான நுண்ணிய பாலிஸ்டைரீன் பிளாஸ்டிக் மணிகளை நீரில் உண்டாக்கி, மூன்று வாரம் ஆடாமல் அசையாமல் படியவிட்டு உலர்த்தி, பழக்கடையில் ஆரஞ்சு அடுக்கியதுபோல் அவை தாமாகவே அடுக்கிக்கொள்ளும் தகட்டை நான் செய்தேன். துளிச் சாயம் கிடையாது. அந்த அடுக்கு வெளிச்சத்திலிருந்து நீலத்தை மட்டும் திருப்பியனுப்பும். பங்குதாரர்கள் முன்னால் இதைக் காட்டி ஒப்புக்கொள்ள வைத்தால் புதிய பிரிவு எனக்கு. இல்லாவிட்டால் இந்த மாதத்தோடு நான் வீட்டில். இதுதான் பேச்சு. நாற்பத்தொன்பது வயதில் எனக்கு வேறு எவன் வேலை தருவான்?

ஆரம்பம் நன்றாகத்தான் இருந்தது. மயில்பீலியை உரலில் இடித்துக் காட்டினேன். நீலம் போய்ப் பழுப்புப் பொடிதான் மிஞ்சியது. நிறம் பீலிக்குள் சாயமாக இல்லை, அதன் அடுக்கில் இருக்கிறது என்றேன். பிறகு தகட்டைத் தூக்கினேன். மயில் கழுத்து நீலம். அப்போதுதான் முதலாளிக்கு, விளக்குக் கொளுத்தாமல் காரியம் தொடங்கிவிட்டோமே என்று தோன்றியிருக்கிறது. நிலவிளக்கு வந்தது. அவரே எண்ணெய் ஊற்றினார், அவரே ஐந்து திரியையும் நீவினார், அதே விரல்களால் தகட்டையும் வாங்கினார். விரல் பட்ட இடத்தில் எல்லாம் நீலம் அணைந்தது. எண்ணெய் பரவப் பரவ, தகடு முழுவதும் கஞ்சித்தண்ணீர் நிறத்துக்கு வந்துவிட்டது.

"சாறே, சாயம் போச்சே."

"இதில சாயமே கிடையாது முதலாளி."

"சாயம் இல்லண்ணா, பின்ன போனது என்னவாக்கும்?"

பேக்கிங் பிரிவு லில்லிக்குட்டி பின்னாலிருந்து, "எனக்க சேலயும் இப்பிடித்தான் சாறே. கடக்காரன் போவாதுண்ணு சத்தியம்லா செய்தான்," என்றாள். சபையே சிரித்தது. எல்லோரும் உன்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நீ கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, "பரிசோதிச்சுப் பாத்துத்தான் சொல்ல முடியும்," என்றாய்.

எலே சதாசிவா, என்னத்தலே பரிசோதிக்கணும்? மணிகளுக்கு நடுவே இருந்த காற்றை விரட்டிவிட்டு எண்ணெய் புகுந்துகொண்டது. ஒளியை வளைப்பதில் மணிக்கும் இடைவெளிக்கும் உள்ள வித்தியாசம் குறைந்தால் வெளிச்சம் எதைக் கண்டு திரும்பும்? சாயமாக இருந்தால் அவர் விரலில் ஒட்டியிருக்காதா? விரல் சுத்தமாகத்தானே இருந்தது? நிறம் போனதே அதில் சாயம் இல்லை என்பதற்குச் சாட்சி. இதை நீ எம்.எஸ்சி. படிக்கும்போது என் நோட்டைப் பார்த்துத்தான் படித்தாய். அந்த நோட்டு இன்னும் திரும்பி வரவில்லை. உன் கல்யாணத்தில் என்னை மூன்றாம் பந்தியில் உட்கார வைத்ததைக்கூட நான் யாரிடமும் சொன்னதில்லை.

சனிக்கிழமை முதலாளி முடிவு சொல்கிறார். அதற்குள் உன் நிலையத்தின் தாளில், இது குறையல்ல என்று ஒரே ஒரு வரி எழுதி அனுப்பு. இல்லையென்றால் உன் புதுவீட்டுப் பால்காய்ச்சலுக்கு நாங்கள் யாரும் வரமாட்டோம். இனி எண்ணெய் புகாதபடி மீதி ஆறு தகடுகளையும் இரண்டிரண்டு கண்ணாடிக்கு நடுவே வைத்து, இரண்டு குழாயிலிருந்து கலந்தால் கல்லாக இறுகும் பசையால் சுற்றிலும் அடைத்துவிட்டேன். எண்ணெய்ச் செக்கில் போட்டாலும் நிறம் போகாது.

உனக்கும் உன் மனைவி மக்களுக்கும் கடவுள் நோயில்லாத ஆயுளைத் தரட்டும். உனக்கு மட்டும் கூடுதலாகக் கொஞ்சம் நாக்கும் தரட்டும்.

அத்தான்,
பொன்னப்பன்

பி.கு.: இதை ஒட்டப்போகும்போது முதலாளியே வீட்டுக்கு வந்துவிட்டார். நான்கு மாதமாகக் கையுறைகள் ஓட்டை என்று திரும்பி வருகின்றனவாம். வேலைக்காரர்கள் கையிலுள்ள தேங்காயெண்ணெய்தான் ரப்பரைக் கெடுக்கிறது. ஆனால் எவர் கையில் என்று கண்டுபிடிக்க வழியில்லை. இனி வாசலில் தகட்டை வைத்து ஒவ்வொருவரையும் விரல் வைக்கச் சொல்லப் போகிறாராம். நீலம் அணைந்தால் திரும்பப் போய்க் கை கழுவ வேண்டும். "சாறே, எனக்கு நெறம் போற சாதனமாக்கும் வேணும். போவாத்தது வேண்டாம்," என்றார். பிரிவு எனக்கே. சனிக்கிழமை காலையில் ஆறு தகடும் அவர் மேசையில் இருக்க வேண்டும். இருக்கும் என்று சொல்லிவிட்டேன். புதிதாகப் படியவிட மூன்று வாரம் ஆகும். ஆகவே அந்த ஒரு வரியை எழுதி நேரத்தைத் தொலைக்காதே. மணிகளைக் கரைக்காமல் அந்தப் பசையை மட்டும் கரைப்பது எது என்று சொல். தபாலில் வேண்டாம், பாட்டிலோடு நீயே புறப்பட்டு வா. வேறு இன்லண்ட் தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். மேலே எழுதியதை அடிக்கவில்லை, அதெல்லாம் உண்மைதான். உன் அக்கா உனக்காக நெய்மீன் வாங்கச் சொல்லிவிட்டாள்.