தாய்மொழிக்காரர் தேவை

ரூமானாவின் கட்டுரை திரும்பி வந்துவிட்டது. கூடவே ஒரே ஒரு குறிப்பு: மொழியில் பிழைகள் மலிந்திருக்கின்றன, நேட்டிவ் ஸ்பீக்கர் ஒருவரிடம் காட்டித் திருத்தி அனுப்பவும்.

அறந்தாங்கியில் ஒரு தனியார் கல்லூரியில் அவள் புவியியல் ஆசிரியை. கோட்டைப்பட்டினத்திலும் ஜெகதாப்பட்டினத்திலும் கடலுக்குப் போகிறவர்கள் எந்தக் காற்றுக்கு என்ன பெயர் சொல்கிறார்கள் என்று கேட்டுக்கொண்டு வருஷக்கணக்கில் அலைந்திருந்தாள். வலையைப் பிரித்துக்கொண்டிருப்பவரிடம் போய், "இது நேத்து அடிச்ச அதே காத்தாங்க, வேற காத்தாங்க?" என்று கேட்பாள். அவர்களும் சளைக்காமல் சொன்னார்கள். சொன்னதை அவர்கள் பேச்சிலேயே தமிழில் எடுத்துக்காட்டி, ஆராய்ச்சியை இங்கிலீஷில் எழுதி, சென்னையிலிருந்து வரும் ஓர் ஆய்விதழுக்கு அனுப்பியிருந்தாள். அதில் வந்தால்தான் அடுத்த வருஷம் வேலை நீடிக்கும் என்று முதல்வர் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

குறிப்பைப் படித்ததும் முகம் சுண்டித்தான் போயிற்று. ஆனால் கொஞ்ச நேரத்தில் வருத்தம் ஓடிப்போய், எந்த வரியில் பிழை என்று தெரிந்துகொள்ளும் ஆவல் வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் சுபாவம் அப்படி. கட்டுரையின் இங்கிலீஷை முன்னாலிருந்து பின்னாலும் பின்னாலிருந்து முன்னாலும் படித்துப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

ஆங்கிலத்துறை பிராங்க்ளின் சாரிடம் கொண்டுபோனாள். கூட்டத்தில் நன்றி சொல்வதற்கே கால் மணி நேரம் எடுத்துக்கொள்கிற மனிதர் அவர். வாசித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"ரொம்ப எளிமையா எழுதிட்டீங்க மேடம். ஆராய்ச்சின்னா படிக்கிறவனுக்குக் கொஞ்சமாச்சும் மூச்சு வாங்கணும்."

வாங்கியது. அவர் திருத்தித் தந்ததில் ஒரு வாக்கியம் முதல் பக்கத்தில் கிளம்பி இரண்டாம் பக்கத்தில்தான் நின்றது. காற்று எங்கேயும் வெறுமனே வீசவில்லை, தவழ்ந்தது, தழுவியது. தான் என்ன எழுதினோம் என்று அறிய ரூமானாவே அகராதியைப் புரட்டினாள். ஆனாலும் அனுப்பிவைத்தாள்.

பதில் வந்தது. இப்போது கட்டுரை புரியவே இல்லை, பழைய குறையும் அப்படியே இருக்கிறது, நேட்டிவ் ஸ்பீக்கரிடம் காட்டவும்.

அடுத்து கம்ப்யூட்டரிடம் போனாள். பத்தியை உள்ளே போட்டால் நொடியில் மெருகேற்றித் தரும் செயலி அது. பிராங்க்ளின் சாரின் தழுவல்களையெல்லாம் அது ஒரே மூச்சில் துடைத்தெடுத்தது. ஆனால் மீன் பிடிக்கிறவர்கள் கடல்சார் பங்குதாரர்கள் ஆகிவிட்டார்கள். காற்று, வளிமண்டல நகர்வு ஆகிவிட்டது. வலை பிரித்துக்கொண்டிருந்தவரை அதில் தேடினால் ஆளைக் காணவில்லை.

இந்தத் தடவை பதில் கொஞ்சம் காட்டமாகவே இருந்தது. கட்டுரையை எழுதியது நீங்கள்தானா என்று கேட்டிருந்தார்கள். பழைய குறை அப்படியே இருக்கிறது என்றும், இன்னும் ஒரே வாய்ப்புத்தான் தர முடியும் என்றும் சேர்த்திருந்தார்கள்.

துபாயிலிருக்கும் தம்பி அசாருதீனிடம் புலம்பினாள்.

"இதுக்கா லாத்தா கவலைப்படுற? எங்க மேனேஜர் சீமைக்காரருதான். நான் காட்டுறேன்" என்றான் அவன்.

மேனேஜர் எம்ரிஸ் நல்ல மனிதராக இருந்தார். ஆர்வமாகப் படித்தார். ஒரே காற்றுக்குப் பக்கத்துப் பக்கத்து ஊரில் ஏன் வேறு பெயர் என்று கேட்டனுப்பினார். ரூமானா மகிழ்ந்துபோய் நீளமாகப் பதில் எழுதினாள். அதற்கப்புறம்தான் தம்பி தயங்கித் தயங்கி விஷயத்துக்கு வந்தான்.

"அவரு வேல்ஸ்காரராம் லாத்தா. வீட்ல பேசுறது வேற பாஷையாம். இங்கிலீஷு பள்ளிக்கூடத்துல படிச்சதுதானாம், நம்மளை மாதிரி."

நல்லவேளையாக அவர் மனைவி லண்டனில் பிறந்தவர், பள்ளி ஆசிரியையும்கூட. கட்டுரை அந்த அம்மாளிடம் போனது. பங்குதாரர்களை மறுபடி மீனவர்களாக்கி, வளிமண்டல நகர்வைக் காற்றாக்கித் திருப்பி அனுப்பினார். தமிழ் எழுத்து பார்க்க அழகாக இருக்கிறது என்று ஓரத்தில் எழுதியிருந்தார். ரூமானா அதைத் தன் முதல் பிரதிக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அங்கங்கே ஒரு காற்புள்ளியைத் தவிர இரண்டும் ஒன்றாகவே இருந்தன.

அப்படியானால் பிழை எங்கேதான் இருக்கிறது? லண்டன்காரியின் கண்ணுக்கே தப்பிய பிழை எப்படித்தான் இருக்கும்? அதைத் தெரிந்துகொள்ளாமல் கடைசி வாய்ப்பைத் தொட அவளுக்கு மனம் வரவில்லை. ஆய்விதழ் அலுவலகத்துக்குப் போன் போட்டாள்.

எடுத்தது வனிதா என்கிற உதவியாளர். பேச்சை வைத்து ஊர் கேட்டதில் பொன்னமராவதிப் பக்கம் என்று தெரிந்தது. ரூமானாவுக்கு அதுவே தெம்பாக இருந்தது.

"லண்டன்காரம்மாவே பாத்துட்டாங்கங்க. எந்த வரியில தப்புன்னு மட்டும் சொல்லுங்க. தெரியாம எனக்கு இருப்பே கொள்ளலை."

வனிதா கட்டுரையைத் திறந்து, மீனவர்களின் பேச்சை எடுத்துக்காட்டிய இடத்துக்குப் போனாள்.

"'கட்சிக்காரன் வந்தா நாங்க கடலுக்குப் போக மாட்டோம்.' இதுக்குக் கீழ மேற்குக் காத்துன்னு இங்கிலீஷ்ல விளக்கம் போட்டிருக்கீங்க மேடம்."

"கச்சான்" என்றாள் ரூமானா மெதுவாக. "அது கச்சான் காத்துங்க."

"அடுத்தது, 'கிண்டல் அடிச்சா மழை வரும்.'"

"கொண்டல்."

"அதுக்கப்புறம் ரெண்டு பக்கத்துக்கு வடை அடிக்குது."

வாடை என்று ரூமானா தன் பிரதியின் ஓரத்தில் எழுதிக்கொண்டாள். மீனவர்கள் சொன்னதை அவள் கைப்பேசியிடம் வாயால் சொல்ல, அது தன் காதுக்குக் கேட்டபடி எழுதிவைத்திருந்தது. பிராங்க்ளின் சார் அந்தப் பகுதியைத் தாண்டிப் போயிருந்தார், செயலி தொடாமல் விட்டிருந்தது. இங்கிலீஷில் 'தி' எங்கே வரும், எங்கே வராது என்று தேடிய மும்முரத்தில் அவளும் அதை ஒரு தடவைகூட வாசிக்கவில்லை.

"இங்கிலீஷு மொதல்லயே நல்லாத்தாங்க இருந்துச்சு" என்றாள் வனிதா ஆறுதலாக. "தமிழ் தெரிஞ்சவங்க யாராச்சும் ஒங்க ஊர்ல இருந்தா, ஒரு தடவை காட்டிட்டு அனுப்புங்க."