பைல் மாமாவின் மீன்குளம்

மட்டக்களப்பு வாவியில் எத்தனை மீன் என்பது கடவுளுக்குத் தெரியும். அதில் ஒன்றை வீட்டு வளவில் வளர்க்க எத்தனை கடிதம் வேண்டும் என்பது பக்கத்து வீட்டுப் பைல் மாமாவுக்கு மட்டும்தான் தெரியும்.

கந்தோரில் எழுத்து வேலை பார்த்து இளைப்பாறிய லிகிதர். கடல் ஊருக்குள் வந்த சுனாமிக் காலையில் அவர் பைலோடுதான் ஓடினார். "ஒரு கையில நான், மறு கையில பைல். எதை இறுக்கிப் புடிச்சாரெண்டு இன்னும் கேக்கல்ல கா" என்பார் சரசு மாமி.

அன்று மாமியின் தங்கையைக் கடல் கொண்டுபோனது. பிறகு அந்த வீட்டில் மீன் சமைக்கவில்லை. மூன்று வேளையும் மீன் தின்று வளர்ந்த மாமா ஒரு நாளும் மீன் கேட்கவில்லை. நான் சாப்பிடக் கூப்பிட்டாலும் வரமாட்டார். ஒரு நாள் வந்து குசுகுசுத்தார்.

"தம்பி, கடலைக் காணாத மீனெண்டா அவ தின்னுவா. வளவில குளம் வெட்டப்போறன்."

"வெட்டுங்களன் மாமா. மண்வெட்டி தாறன்."

"சட்டம் பார்க்காமலா?" என்று பதறினார்.

யுத்த காலம். குழி வெட்டினால் பங்கர் என்பார்கள், இல்லையென்றால் எதையோ புதைக்கிறான் என்பார்கள். மாமா ஊர் அதிகாரியான விதானையிடம் ஒரு கடிதம் எடுத்தார். பிரதேச சபையில் ஒன்று. நுளம்பு பெருகிக் கடித்துக் காய்ச்சல் பரவாது என்று சுகாதாரப் பரிசோதகரிடம் ஒன்று. என் கிணற்றுக்கும் குளத்துக்கும் இடையில் நாடா பிடித்து அளந்து, என்னிடமும் ஒன்று. "கிணறு கலங்கினா என்னைக் கோட்டுக்கு இழுப்பனெண்டு எழுது!" என்று அவரே சொல்லச்சொல்ல எழுதினேன்.

கடைசியாக ஆமிக் காம்ப். மூன்று மொழியில் வரைபடம். "ஆள் நிற்கிற ஆழம் இருக்கே?" என்றாராம் அதிகாரி. "ஆள் நிண்டா மீன் எங்க ஐயா நிக்கிறது?" என்றாராம் மாமா. முத்திரை விழுந்தது!

நாலடிக் குழி முடிந்தது. தண்ணீர் மட்டும் விடவில்லை. மாரி மழையில் நிரம்பினால் வாளியால் இறைத்து வெளியே ஊற்றினார். ஒரு வருடமல்ல, சண்டை முடியும்வரை.

"விசரா மாமா உங்களுக்கு?"

"ஒரு கையெழுத்துக் குறையுது தம்பி." மாமி சமைத்துக்கொண்டு நின்ற குசினிப் பக்கம் கண்ணைக் காட்டினார். "காணி அவட சீதனம். உறுதிப் பத்திரம் அவட பேரில."

மாமிக்கும் ஒரு கடிதம் எழுதி, சீனிப் போத்தலுக்கு அடியில் வைத்திருந்தாராம். சீனி எடுக்கும்போதெல்லாம் மாமி பார்ப்பார், திரும்ப வைப்பார். மாமா ஒரு தடவைகூட நினைவூட்டவில்லை. இப்படியும் ஒரு மனிசன்!

சண்டை ஓய்ந்த பிறகு ஒரு காலை, மாமியின் சிரிப்புச் சத்தம். கடல் வந்த நாளுக்குப் பிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு. எட்டிப் பார்த்தால், மாமி முற்றத்தில் நிற்கிறார், மாமா குனிந்து முழங்காலை அளக்கிறார். 'ஆழம் என் முழங்காலைத் தாண்டக்கூடாது' என்று கடிதத்தின் கீழே எழுதித்தான் மாமி ஒப்பமிட்டிருந்தார். பாடுபட்டு வெட்டிய குழியில் பாதியை மாமா அன்றே மூடினார்.

செல்வன் எனும் நன்னீர் மீனின் குஞ்சுகளை விட்டார்கள். தவிடு போட்டது மாமிதான். மீன் பெருத்ததும் ஒரு மத்தியானம் மாமி எனக்கு தேங்காய்ப்பால் விட்டுக் காய்ச்சிய மீன் ஆணம் ஒரு கோப்பை கொண்டுவந்தார். "உப்புக் காணுமா பாரு கா. நானும் திண்டுதான் பார்த்த."

பின்னாலேயே பைலோடு மாமா.

"ஆணம் கிடைச்சதெண்டு ஒரு கையெழுத்து வை தம்பி."

கண் கலங்கியதில் கோடு தெரியவில்லை. குத்துமதிப்பாக வைத்தேன்.