அறைக்கு அழுதவன்

செத்தவீட்டில் எவன் அதிகம் அழுகிறானோ அவனுக்கே செத்தவரின் அறை கிடைக்கும் என்று நான் ஒரு காலத்தில் நம்பியிருந்தேன். அப்போது நான் பி.ஏ. பட்டதாரி என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன். படிக்காதவன் இப்படியொன்றை நம்பமாட்டான்.

இரண்டாம் உலக யுத்தம் முடிகிற காலம். உடுப்பிட்டியில் எங்கள் மாட்டுக்கொட்டிலுக்குப் பக்கத்து அறையில் இருந்தபடியே லண்டன் பி.ஏ.யை எழுதித் தேறியவன் நான். (மாடுகளும் கூடவே படித்தன. சோதனைக்குக் காசு கட்டாதபடியால் அவற்றுக்குப் பட்டம் கிடைக்கவில்லை.) அடுத்தது எம்.ஏ. அதற்குக் கொழும்பில் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்துவிட்டது. கிடைக்காதது படுக்க இடம்.

பாதிக் கொழும்பைப் பட்டாளக்காரர் பிடித்து வைத்திருந்தார்கள். மிச்சப் பாதியில் வாடகை, புகையிலைத் தோட்டக்காரனின் மகன் விசாரிக்கக்கூட முடியாத உயரத்தில் நின்றது. அதற்கு மேலே, என்னைப் பெற்ற ஐயாவின் நிபந்தனைகள். வீடு துறைமுகத்துக்கு எட்ட இருக்கவேண்டும். ஜப்பான்காரன் ஒருமுறை குண்டு போட்டவன், வழி தெரிந்தவன். குசினிக்குள் மீன் வரக்கூடாது. குடிக்கிறவன் இருக்கக்கூடாது. இருப்பவர்கள் நமக்குத் தெரிந்த ஆட்களாக இருக்கவேண்டும். இவ்வளவும் மலிவாக இருக்கவேண்டும்.

"உப்பிடி ஒரு வீடு கொழும்பிலை இருந்தால் அதிலை தேவர்களெல்லோ ஐயா குடியிருப்பினம்" என்றேன்.

"அப்ப அவையளோடை போய் இரு. இல்லாட்டி மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குத் தண்ணி மாற வா."

அவர் பகிடிக்குச் சொல்லவில்லை. வகுப்புத் தொடங்குவதற்குள் அறை கிடைக்காவிட்டால் எம்.ஏ. இல்லை, புகையிலைதான். நான் என் கைகளைப் பார்த்தேன். அவற்றுக்கும் மண்வெட்டிக்கும் அறிமுகம் இல்லை. அன்றோடு என் நித்திரை போயிற்று. சாப்பாடும் போயிற்று என்று எழுத ஆசைதான். அது போகவில்லை.

பக்கத்து வீட்டுச் சின்னத்துரை அண்ணை தொழிலால் தோட்டக்காரர், விருப்பத்தால் செத்தவீட்டுக்காரர். வடமராட்சியில் அவர் இல்லாமல் ஒரு பிரேதமும் படலை தாண்டியதில்லை. என் முகத்தைப் பார்த்து அவர்தான் வழி சொன்னார்.

"கொழும்பிலை அறை தேடுறவன் கொழும்புக்குப் போறது விசர் வேலை, தம்பி. அங்கை ஒருத்தனையும் பிடிக்கேலாது, எல்லாரும் கந்தோர் வேலையிலை. செத்தவீட்டுக்குப் போ. புத்தூரிலை கந்தையாக் கிளாக்கர் மோசம் போயிட்டார். வெள்ளவத்தையிலை சமறியிலை இருந்தவர். காலமை மெயில் ரெயிலிலை பிரேதப் பெட்டி வருகுது. சமறிக்காரர் எல்லாரும் கூட வருவினம்."

(சமறி என்பது, ஊர் உத்தியோகத்தர்கள் சேர்ந்து ஒரு வீடு எடுத்து, ஒரு சமையல்காரனையும் வைத்துக்கொண்டு, பெண்சாதி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டுச் சம்பளத்தை மிச்சம் பிடிக்கும் இடம். பெண்சாதிமார் அங்கே போவதில்லை. போகும் வழக்கமும் இல்லை.)

"சைவச் சமறி. மீன் இல்லை. குடி இல்லை. யூனிவேர்சிற்றி நடை தூரம்" என்றார் அண்ணை. "கிளாக்கற்றை கட்டில் இப்ப வெறுங்கட்டில்."

ஒரு மனிதர் இறந்துபோனார் என்று கேட்டு என் நெஞ்சு துள்ளியது. அடுத்த கணமே அடித்துக்கொண்டது. எனக்கு முன்னால் வேறு எவனாவது போய்விட்டால்?

"ஒண்டு சொல்லுறன் கேள். போன உடனை அறை கிறை எண்டு வாய் திறந்திடாதை. வேண்டப்பட்ட ஆள்மாதிரி நில். ஒரு துக்கத்தைக் காட்டு."

எவ்வளவு துக்கம் என்று அவர் அளவு சொல்லவில்லை. என் அழிவு அங்கே தொடங்கியது.

வெள்ளை வேட்டி, தோளில் சால்வை, ஐயாவின் சைக்கிள். வல்லை வெளியில் காற்று என்னையும் சைக்கிளையும் ஒரு பக்கமாகச் சாய்த்துத் தள்ளியது. வாரி இறைத்த மண் முழுவதும் என் கண்ணுக்குள் போயிற்று. புத்தூரில் இறங்கும்போது என் கண்கள் கொவ்வைப்பழம். படலையில் நின்ற ஒருவர் என்னைப் பார்த்துவிட்டுப் பக்கத்தவரிடம், "பாவம், கேள்விப்பட்ட நேரந்தொட்டு அழுதிருக்கிறான்" என்றார். எனக்கு நல்ல சகுனமாகப் பட்டது.

முற்றத்தில் பறை அடித்துக்கொண்டிருந்தது. வானமும் அன்றைக்குப் பார்த்து மூடிக்கிடந்தது. உள்ளே விறாந்தையில் பெட்டி. அதைச் சுற்றிப் பெண்கள் ஒருவரையொருவர் கட்டிப்பிடித்து ஒப்பாரி வைத்தார்கள். ஆண்கள் வாங்குகளில் உட்கார்ந்து தாழ்ந்த குரலில் புகையிலை விலை பேசினார்கள். எங்கள் பக்கத்து ஆண்கள் துக்கப்படுவது அப்படித்தான். வெற்றிலையைச் சற்று வேகமாகச் சப்பினால் மிகுந்த துக்கம் என்று கொள்ளவேண்டும்.

அந்த வாங்கொன்றின் நுனியில் நெல்லியடிப் பொடியன் ஒருவன் இருந்தான். சப்பாத்து, தங்க விளிம்புக் கண்ணாடி, கையில் மடித்த லேஞ்சி. கண்டவுடனேயே தெரிந்துவிட்டது, இவனும் அறைக்குத்தான் வந்திருக்கிறான். அவனும் என்னைத் தெரிந்துகொண்டான். அவன் லேஞ்சியால் இடது கண்ணை ஒற்றினான். நான் சால்வையால் இரண்டு கண்ணையும் துடைத்தேன். அவன் மூக்கை உறிஞ்சினான். நான் விம்மினேன். அவன் "ப்ச்" என்று தலையை ஆட்டினான். அவ்வளவுதான், நான் எழுந்து நேரே விறாந்தைக்குப் போய்ப் பெட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "என்னை நடுத்தெருவிலை விட்டிட்டுப் போட்டியளே" என்று கதறினேன்.

நடிப்பு என்று நினைக்கவேண்டாம். கண்ணை மூடினால் புகையிலைத் தோட்டம் தெரிந்தது. அழுகை தானாகவே வந்தது.

சற்று நேரத்தில் என் குரல் மட்டும் தனியாகக் கேட்பதை உணர்ந்தேன். பெண்கள் ஒப்பாரியை நிறுத்தியிருந்தார்கள். செத்தவரின் சொந்தப் பிள்ளைகளே என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். பெண்கள் நடுவிலிருந்து குசுகுசுப்பு வந்தது.

"உவன் ஆரடி?"

"எங்கடை பக்கத்திலை இல்லை. கொழும்பாலை வந்தவனோ?"

"மூக்கைப் பார். கிளாக்கற்றை மூக்கெல்லோ."

(என் மூக்கு அம்மா வழி வந்தது. கந்தையாக் கிளாக்கரை நான் பெட்டிக்குள்தான் முதன்முதலாகக் கண்டேன்.)

மனிசன் கொழும்பில், மனிசி ஊரில் என்றிருந்த குடும்பங்களைப் பற்றி ஊர் எப்போதும் ஒரு சந்தேகத்தைக் கைவசம் வைத்திருக்கும். அங்கே இன்னொரு வீடு இருக்குமோ என்பது அது. கந்தையாக் கிளாக்கர் விஷயத்தில் அந்தச் சந்தேகத்துக்கு அதுவரை முகம் இல்லாமல் இருந்தது. நான் உடுப்பிட்டியிலிருந்து சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அப்போது இதொன்றும் எனக்கு விளங்கவில்லை. என் துக்கம் நன்றாக எடுபடுகிறது என்று மகிழ்ந்தேன். முற்றத்து வேம்பின் கீழ் சமறியின் மூத்தவர் மயில்வாகனத்தார் நின்றார். அறையை யாருக்குக் கொடுப்பது என்பது அவர் கையில். மெல்லப் போய்க் காதில் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"சாம்பல் ஆறட்டும், தம்பி" என்று சொல்லிவிட்டு மறுபக்கம் திரும்பிக்கொண்டார்.

எல்லாம் முடிந்தது என்று எனக்குப் பட்டது. எம்.ஏ. போயிற்று. இனித் தண்ணி மாறவேண்டியதுதான். படலையடிக்குப் போனேன். அங்கே நின்று திரும்பி, வீட்டில் பழக்கிய மரியாதை கெடாமல், இரண்டு கையையும் கூப்பி, எல்லாருக்கும் கேட்கும்படி, "அப்ப நான் போட்டு வாறன்" என்றேன்.

எங்கள் ஊரில் செத்தவீட்டுக்கு வருகிறவரை யாரும் வாருங்கோ என்பதில்லை. போகிறவர் போட்டு வாறன் என்பதும் இல்லை. எழும்பிப் பேசாமல் போய்விடவேண்டும். சொன்னால் அந்த வீட்டுக்கு இன்னொரு சாவை அழைத்ததாக அர்த்தம். பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம் இது. லண்டன் பி.ஏ.யின் பாடத்திட்டத்தில் இல்லை.

பறை நின்றது. வெற்றிலை சப்பிய வாய்கள் நின்றன. செத்தவரின் மைத்துனர் பொன்னம்பலம் (பனங்குற்றி போன்ற மனிதர்) ஓடிவந்து என் சால்வையைக் கழுத்தோடு சேர்த்துப் பிடித்தார்.

"திரும்பி வருவியோ? என்னத்துக்கு வருவாய்? பங்குக்கோ?"

"என்ன பங்கு, அண்ணை?"

"கொம்மா எங்கை? ஒழுங்கைக்குள்ளை நிக்கிறாவோ?"

"அம்மா உடுப்பிட்டியிலை..."

பிடி தளர்ந்தது. அவர் முகத்தில் கோபம் போய்த் திகைப்பு வந்தது. "உடுப்பிட்டியிலையுமோ?" என்றார். "கொழும்பிலை மட்டும் எண்டெல்லோ நினைச்சம்."

அப்போதுதான் எனக்கு வெளித்தது. ஓட நினைத்தேன். சால்வையின் மற்ற நுனி இன்னும் அவர் கையில் இருந்தது. நெல்லியடிப் பொடியன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, இந்த விருந்தை முழுதாகப் பார்க்க ஆயத்தமானான்.

"அண்ணை, அந்தப் பொடியனை இஞ்சை வரவிடுங்கோ."

விறாந்தையிலிருந்து வந்தது செத்தவரின் மனைவி அன்னம்மா அக்காவின் குரல். நான் போய்க் குனிந்து நின்றேன். அவருடைய கண்கள் காய்ந்திருந்தன. குசுகுசுப்பு அவர் காதிலும் விழுந்துவிட்டது என்று அந்த முகத்தில் தெரிந்தது. என் ஆயுளில் நான் பார்த்த முகங்களில் அதைப்போல் ஒன்று என்னை வெட்கப்படுத்தியதில்லை. அவர் என் மூக்கைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, நீர் ஆற்றை மோன்?" மிகத் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"உடுப்பிட்டிப் புகையிலை வேலுப்பிள்ளையற்றை மோன், அக்கா."

"எங்கடை அவரை உமக்கு எப்பிடிப் பழக்கம்?"

"பழக்கமில்லை."

"பேந்தேன் உப்பிடி அழுதனீர்?"

"அறைக்கு" என்றேன். "சமறியிலை அவற்றை அறை எனக்குக் கிடைக்கட்டும் எண்டு அழுதனான். எம்.ஏ. படிக்கவேணும்."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. பெண்களெல்லாம், அவருக்கு இப்போதுதான் அழுகை வந்தது என்று எண்ணி, அவரைக் கட்டிப்பிடித்து ஓவென்று ஒப்பாரியைத் தொடங்கினார்கள். அவர் சிரித்ததைக் கண்டவன் நான் ஒருவன்தான். சிரிப்பு கொஞ்ச நேரத்தில் அழுகையாகவே மாறிவிட்டது. அதையும் நான்தான் கண்டேன்.

பிறகு தலையை நிமிர்த்தாமலே கேட்டார்.

"கலியாணம் முடிச்ச நாள்தொட்டு அவர் அங்கைதான். நான் அந்த அறையைக் கண்டதில்லை. யன்னலடியிலை கட்டில் எண்டு சொல்லுவார். பின்னேரத்திலை கடல் காத்து வருமாம். நீர் போனால் யன்னல் இருக்கோ எண்டு பாத்துச் சொல்லுவீரோ?"

"சொல்லுவன், அக்கா."

"அதுவும் பொய்யெண்டால், இவையள் கதைக்கிறதுகளிலை எதை நம்பாமல் விடுறது?"

பிரேதம் எடுப்பதற்கு முன் பொன்னம்பலம் அண்ணை மயில்வாகனத்தாரிடம் போய், அறையை எனக்கே கொடுக்கும்படி அக்கா சொன்னதாகச் சொன்னார். மயில்வாகனத்தார் என்னைப் பார்த்து, ஒரு கசப்பு மருந்தை விழுங்கியவர்போல் தலையசைத்தார். நெல்லியடிப் பொடியன் லேஞ்சியை மடித்துப் பைக்குள் வைத்து, ஒருவரிடமும் ஒன்றும் சொல்லாமல் எழும்பிப் போனான். நல்ல வளர்ப்பு.

அறை எனக்கே கிடைத்தது. எம்.ஏ.யும் அங்கேயே முடித்தேன். ஐயா கடைசிவரையில், நான் முன்கூட்டியே கடிதம் எழுதி ஒழுங்கு செய்ததாகத்தான் நம்பியிருந்தார். (சின்னத்துரை அண்ணை மற்ற எல்லாருக்கும் உள்ளதைச் சொல்லிவிட்டார்.)

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குக் கொழும்பிலிருந்து வந்து புத்தூருக்குப் போனேன். இந்தமுறை வல்லை வெளியில் கண்ணை மூடிக்கொண்டே சைக்கிள் ஓட்டினேன். சாப்பாட்டுப் பந்தி முடிந்தபின் அக்கா கேட்டார், அந்த மூக்குக் கதைக்காரப் பெண்கள் அத்தனைபேரும் சுற்றி இருக்கும்போதே.

"யன்னல் இருக்கோ, தம்பி?"

"ஓம் அக்கா. கட்டில் அதுக்குக் கீழைதான் கிடக்குது."

"காத்து?"

"பின்னேரத்திலை போர்வை இல்லாமல் படுக்கேலாது."

அக்கா பெண்கள் பக்கம் திரும்பி, "கேட்டனீங்களே" என்றார். அதற்குப் பிறகு மூக்கைப் பற்றி யாரும் கதைத்ததாக நான் அறியவில்லை.

எங்கள் வீட்டில் இந்தக் கதை இன்னும் ஓய்ந்தபாடில்லை. எந்தச் செத்தவீட்டிலாவது என் கண் கலங்கினால், என் மனைவி காதருகில் வந்து, "இஞ்சை எந்த அறையப்பா வேணும்?" என்பாள். பிள்ளைகளும் பழகிவிட்டார்கள். என் தாயாரின் செத்தவீட்டில்கூட அவள் கேட்டாள். நானும் சிரித்தேன், பிறகுதான் அழமுடிந்தது. போன மாசியில் அன்னம்மா அக்கா மோசம்போனார். புத்தூருக்குப் போய் வாங்கில் இருந்து, மற்ற ஆண்களைப்போல் வெற்றிலை சப்பினேன். வேகமாகத்தான் சப்பினேன். மனைவி அன்றைக்கு ஒன்றும் கேட்கவில்லை. போட்டு வாறன் என்று சொல்லாமல் வந்துவிட்டேன்.

வெள்ளவத்தையில் அந்த அறை, குசினிக்குப் பின்னால் முன்பு விறகு அடுக்கியிருந்த அறை. நாலு பக்கமும் சுவர். யன்னல் உள்ள அறைகளுக்கு வாடகை கூடுதல்.