கடலுக்கு ஆடித் தள்ளுபடி

பொறாமைப்படுவதற்கென்றே மாமனார் வீட்டில் ஏற்பாடு செய்து தரும் ஆள்தான் சகலை. அண்ணன் தம்பியோடு நம்மை ஒப்பிட ஊர் கொஞ்சம் யோசிக்கும். சகலையோடு ஒப்பிட யாருக்கும் கூச்சமே கிடையாது.

என் சகலை அருள்தாஸ், மனைவியின் தங்கை வீட்டுக்காரர். என்னைவிட உயரம், என்னைவிட முடி. (தொப்பையில் மட்டும்தான் நான் முந்தி.) செக்காலை ரோட்டில் நான் வேலை பார்த்த காற்றாலைக் கம்பெனியில் அவரைச் சேர்த்துவிட்ட புத்திசாலியும் நானேதான்.

தொண்ணூறுகளில் ஒருநாள் எங்கள் முதலாளி இருவரையும் அழைத்தார்.

"டென்மார்க்குல கடலுக்குள்ளயே காத்தாடி நட்டிருக்கானாம். நாமளும் ஏர்வாடிப் பக்கம் நட்டா, ரிப்பேருக்குப் படகுலதான் போகணும். செலவு கம்மியாப் பராமரிக்க ஆளுக்கொரு திட்டம் போட்டுட்டு வாங்க. யாரோடது நல்லாருக்கோ, அவுக டென்மார்க் போய்ப் பாத்துட்டு வரட்டும்."

அருள்தாஸ் கோட்டு மாட்டிக்கொண்டு விமானம் ஏறுவது அப்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. விடக் கூடாது என்று ஏர்வாடிக்கு பஸ் ஏறினேன்.

கடலைப் பற்றி எனக்குத் தெரிந்ததெல்லாம் மீன் குழம்பு வரைக்கும்தான். படகு வாடகையைக் கேட்டால் தலை சுற்றியது. "ஆடியில வாங்க சார், பாதி வாடகைக்கே தாரேன்" என்று ஒரு படகுக்காரர் சிரித்தார். (கிண்டல் என்று இப்போது புரிகிறது. அன்று மரியாதை என்று நினைத்தேன்.) சேலைக் கடையில் ஆடித் தள்ளுபடி, பாத்திரக் கடையில் ஆடித் தள்ளுபடி, படகுக்கு மட்டும் இருக்காதா?

திட்டம் சொல்ல முதலாளி கூட்டிய கூட்டத்தில் முந்திக்கொண்டு எழுந்தேன். "ஆடியில படகு பாதி விலைங்கய்யா. எல்லாக் காத்தாடியையும் அந்த மாசம் நிறுத்திட்டு, மொத்த ரிப்பேரையும் ஒரேயடியா முடிச்சிரலாம்!"

முதலாளி கண்ணாடியைக் கழற்றினார். "ஆடியில படகு ஏன் சும்மா கெடக்கு?"

"தள்ளுபடிங்கய்யா."

யாரோ இருமினார்கள். முதலாளி நிதானமாகச் சொன்னார்: "ஆடிக் காத்துக்குக் கடல் கொந்தளிக்கும், படகு போகாது. அதான் வாடகை பாதி. வருசத்துலயே காத்தாடி நல்லாச் சம்பாதிக்கிறதும் அந்தக் காத்துலதான். அதைப் போயி நிறுத்தச் சொல்றீகளே!"

அறையே குலுங்கியது. அடுத்து அருள்தாஸ் எழுந்தார். சின்னச் சின்ன ரிப்பேரையெல்லாம் சேர்த்து வைத்து, காற்றும் கடலும் அடங்கும் மாதத்தில் ஒரே படகில் போய் முடிக்கலாம், அப்போது காத்தாடியை நிறுத்தினால் நஷ்டமும் குறைவு என்றார். அதோடு உட்கார்ந்திருக்கலாம். "சகலை சொன்னதும் இதேதான்யா, மாசம்தான் கொஞ்சம் மாறிப் போச்சு" என்று எனக்காகப் பரிந்தும் பேசினார். அதுதான் தாங்கவில்லை.

டென்மார்க்குக்கு அவர்தான் போனார். கடலில் காத்தாடி நடும் ஆசை முதலாளிக்குச் சீக்கிரமே விட்டுப் போயிற்று. என்னை மட்டும் யாரும் விடவில்லை. இன்றைக்கும் ஆடி பிறந்தால், "மாப்பிள்ளை, கடல்ல தள்ளுபடி போர்டு மாட்டிட்டாகளா?" என்று மாமனார் ஆரம்பிப்பார். வீடே சிரிக்கும், என் மனைவி எல்லோரையும்விடச் சத்தமாக. அருள்தாஸ் மட்டும் சிரிக்க மாட்டார். "விடுங்க மாமா, பாவம்" என்பார்.

சிரித்தவர்களை எல்லாம் என்றோ மன்னித்துவிட்டேன். அவரை மட்டும் முடியவில்லை.