புல்டோசர் இடம் மாற்றிய கடல்

செங்கல்பட்டுக் கால்பந்து ஆட்டக்காரர்களிலேயே கோல் கம்பத்திடம் மன்னிப்புக் கேட்ட ஒரே ஆள் எங்கள் புல்டோசர் மாஸ்டர்தான். கல்லூரியில் மாணவராக ஆடிய காலத்தில், பந்தோடு ஓடி வந்தவர் நிற்க மறந்து கம்பத்தில் மோதினாராம். மனுஷனுக்கு ஒன்றும் ஆகவில்லை, கம்பம்தான் சாய்ந்தது. "சாரி நைனா" என்று அதைத் தட்டிக்கொடுத்துவிட்டு மறுபடி ஆடப் போய்விட்டாராம்.

பிறகு முட்டி போனது. மறைமலைநகர் கார் உதிரிபாகத் தொழிற்சாலையில் நிரந்தர வேலை, கம்பெனி பஸ், கேண்டீன் சாப்பாடு என்று நன்றாகத்தான் இருந்தார். அத்தனையையும் உதறிவிட்டு அதே கல்லூரிக்குத் தற்காலிகப் பயிற்சியாளராக வந்தார். அதற்கு அவர் மனைவி திட்டியது பக்கத்துத் தெரு வரை கேட்டதாம்.

நான் சேர்ந்த வருஷம் மைதானத்தில் புதுக் கட்டடம் எழும்பியது. மாஸ்டர் அசரவில்லை. எங்களை மாமல்லபுரம் கடற்கரைக்கு ஓட்டிக்கொண்டு போனார். கோயில் பக்கம் பார்த்து கோல் அடிப்பதுதான் ராசி என்பார். அப்படி ஆடினால் இடதுபுறம் முழுக்கக் கடல். பந்தைக் கடலில் விட்டவனே அலைக்குள் இறங்கி எடுக்க வேண்டும். எடுத்து வந்தவன் தலையைத் தன் தோள் துண்டால் அவரே துவட்டிவிடுவார், திட்டிக்கொண்டே. இடதுபுறம் ஆடிய நான் தினமும் குளித்தேன்.

கல்லூரிகளுக்கு இடையிலான இறுதிப் போட்டி வந்தது. கோப்பை இல்லையென்றால் அடுத்த வருஷம் மாஸ்டரும் இல்லை என்று முதல்வர் சொல்லிவிட்டார். மாஸ்டர் எங்களிடம் மூச்சு விடவில்லை. ஆபீஸ் பியூன் சொல்லித்தான் தெரியும்.

எங்கள் கால்களுக்கு அதெல்லாம் தெரிந்தால்தானே? இடதுபுறம் பந்து வந்தாலே பதறிப்போய் வலதுபுறம் தள்ளினோம். என் எதிரே காலி மைதானம். நான் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. எதிரணி விவரமாக எங்கள் வலதுபுறத்தில் ஆட்களைக் குவித்துவிட்டது. இடைவேளையில் ஒரு கோல் பின்தங்கியிருந்தோம்.

மாஸ்டர் கத்தவில்லை. "டேய், கடல் எந்தப் பக்கம்டா கீது?" என்று கேட்டார். கடல் வாடையே இல்லாத செங்கல்பட்டு மண்ணில் நின்றுகொண்டு பதினொரு பேரும் கூசாமல் இடதுபுறம் கை காட்டினோம்.

"சரி. அத்த நான் அந்தாண்ட மாத்திட்டேன். இனிமே ரைட்ல போறவன்தான் நனைவான்."

சொன்னதோடு நிற்காமல், குடிதண்ணீர் பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு வலதுபுறக் கோட்டோரம் போய் நின்றார். பழக்க தோஷத்தில் அங்கே ஒதுங்கிய எங்கள் ஆள் மேல் ஒரு சொம்புத் தண்ணீர் விழுந்தது. நடுவர் முறைத்தார். மாஸ்டர் கும்பிட்டுவிட்டு அடுத்த சொம்பை மொண்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு உலகத்தில் இடதுபுறம் மட்டும்தான் இருந்தது. முதலில் சமன் செய்தோம். ஆட்டம் முடியப் போகும் நேரத்தில், நான் எட்டிப் பார்க்கப் பயந்த அதே கோட்டோரம் ஓடிப் போய் வெற்றிக் கோலை நானே அடித்தேன்.

விசில் ஊதியதும் மாஸ்டர் நொண்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"நனைஞ்சியா?"

"இல்ல மாஸ்டர்."

அப்படியும் விடவில்லை. காய்ந்த என் தலையைத் துண்டால் ரொம்ப நேரம் துவட்டினார். திட்டத்தான் மறந்துவிட்டார். போதும் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.